பச்சை ரத்தம்

இன்னொரு சாமுராய் வந்துவிட்டான். மூங்கில் காடு, காற்றில் உதிரும் பூ, பின்னால் ஒரு நிலா. வாளை உருவிக்கொண்டு நிற்கிறான். 2024 மார்ச்சில் ‘ரைஸ் ஆஃப் தி ரோனின்’. 2025 மார்ச்சில் ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’. அதே ஆண்டு அக்டோபரில் ‘கோஸ்ட் ஆஃப் யோடே’. முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. மூன்று ஸ்டூடியோ, ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றவிடும் மூன்று பிரம்மாண்டமான ‘ஓப்பன் வேர்ல்ட்’ வீடியோ கேம். மூன்றிலும் ஜப்பான். மூன்றிலும் வாள்.

ஜப்பான் அலுத்தவர்களுக்கு நியூயார்க் இருக்கிறது. 2008இல் ‘ஜி.டி.ஏ. 4’ அந்த ஊரைக் கட்டியது. 2009இல் ‘புரோட்டோடைப்’ அங்கே வைரஸ் பரப்பியது. 2016இல் ‘தி டிவிஷன்’ வந்து மறுபடியும் கொள்ளைநோய் பரப்பியது. ஸ்பைடர்மேன் 2018, 2020, 2023 என்று மூன்று முறை அதே கட்டடங்களில் நூல் கட்டித் தொங்கினார். மன்ஹாட்டனை இத்தனை தடவை அளந்த சர்வேயர் அந்த ஊர் நகராட்சியிலேயே இருக்க மாட்டார்.

கேட்டால், புதிய களம் என்பார்கள். ஒவ்வொரு அறிவிப்பு விழாவிலும் ஒருவர் கறுப்பு டீ-ஷர்ட்டில் மேடையேறி, “இதுவரை யாரும் கண்டிராத உலகம்” என்பார். திரை விலகும். அதே மாடிப்படி, அதே தீயணைப்பு ஏணி, அதே மஞ்சள் டாக்ஸி. இம்முறை மழைத் தேக்கத்தில் டாக்ஸியின் பிரதிபலிப்பு துல்லியமாக விழும். அந்தப் பிரதிபலிப்புக்குத்தான் காசு.

சில்லறைக் காசு இல்லை. ‘ஸ்பைடர்மேன் 2’க்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவானதாக, திருடி வெளியிடப்பட்ட நிறுவன ஆவணங்கள் சொல்லின. நம் கணக்கில் 2,500 கோடி ரூபாய். கேம் 2023 அக்டோபரில் வந்தது. நன்றாகவே விற்றது. நான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு 900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த கேமைச் செய்த இன்சோம்னியாக் ஸ்டூடியோவும் தப்பவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரை அனுப்பியிருந்தது. கட்டடம் எழுப்பியவனைத் துரத்திவிட்டு, கட்டடத்தை மட்டும் அடுத்த பாகத்துக்குப் பத்திரப்படுத்துகிறார்கள். கட்டடம் சம்பளம் கேட்காது.

இவ்வளவு பணம் கொட்டினால் துணிச்சல் வரும் என்று நாம் நினைப்போம். நேர்மாறு. பணம் கூடக் கூடப் பயம் கூடுகிறது. 2,500 கோடியைப் போட்டுவிட்டு யார் லாகோஸுக்குப் போவார்கள்? யார் டாக்காவுக்குப் போவார்கள்? விற்ற ஊரையே விற்போம். ‘ஜி.டி.ஏ.’ வரிசையில் ‘வைஸ் சிட்டி’ 2002இல் ஓடியதா? இருபது வருடம் கழித்து ‘ஜி.டி.ஏ. 6’ஐயும் அங்கேயே கொண்டுபோய் வை. தெலுங்கில் ஓடிய படத்தைத் தமிழில் எடுக்கும் நம் தயாரிப்பாளரைக் கேலி செய்கிறோம். அவராவது வேறு ஊரில் ஷூட்டிங் வைப்பார்.

நம் பக்கம் வரவே மாட்டார்களா என்றால், வருவார்கள். பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். 2014இல் ‘ஃபார் க்ரை 4’ இமயமலைக்கு வந்தது. நேபாளம் மாதிரி கோயில், நேபாளம் மாதிரி மலை, நேபாளம் மாதிரி முகம். நாட்டின் பெயர் மட்டும் கிராட். 2021இல் அதே வரிசையில் கியூபா மாதிரி ஒரு தீவு, பெயர் யாரா. 2010இல் ‘ஜஸ்ட் காஸ் 2’க்காகத் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு நாட்டையே முளைக்க வைத்தார்கள், பெயர் பனாவ். நியூயார்க்கை ‘லிபர்ட்டி சிட்டி’ என்று மாற்றினாலும் சிலை நிற்கும் இடம் மாறாது, தெரு திரும்பும் கோணம் மாறாது. நம் பக்கத்தில் மலைக்கே ஆதார் அட்டை கிடையாது. கற்பனை நாடு வசதியானது. வழக்குப் போட ஆள் இல்லை. மனம் புண்படத் தூதரகம் இல்லை. எத்தனை பேரைச் சுட்டாலும் கணக்குக் கேட்கச் சொந்தக்காரன் இல்லை.

‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ கதை இன்னும் அழகு. யூபிசாஃப்ட் 2017இல் அறிவித்தது, 2024இல் வெளியிட்டது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஏழு வருடம். சிங்கப்பூர் அரசின் மானியம் வேறு. நிறுவனத் தலைவர் அதை ‘நாலு ஏ’ தரத்து கேம் என்றார்; மூன்று ஏ போதவில்லை. களம் இந்தியப் பெருங்கடல். அடடா, வந்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்தோம். கப்பல் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. குறித்துவைத்த சில துறைகளைத் தவிர எங்கும் கரை இறங்க விடவில்லை. பெருங்கடலுக்கு நம் பெயர். இறங்கத்தான் அனுமதி இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காவது இறங்கும் ஆசை இருந்தது.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊர்களுக்குச் செங்கல் அடுக்குவதே நம் ஆட்கள்தான். ராக்ஸ்டார் கம்பெனிக்குப் பெங்களூரில் ஸ்டூடியோ இருக்கிறது. யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும் இருக்கிறது. பெங்களூரில் 1997இல் தொடங்கிய ‘துருவா இன்டராக்டிவ்’ இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டு கேம்களுக்குக் காரும் கட்டடமும் வரைந்து கொடுத்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. விலை 79 லட்சம் டாலர். அந்த ராக்ஸ்டாரின் ‘ஜி.டி.ஏ. 5’ மட்டும் இருபது கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. சில்க் போர்டு டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் நின்று ஆபீஸ் போய்ச் சேரும் பையன், லாஸ் ஏஞ்சலீஸ் மாதிரி ஒரு ஊரின் காலிச் சாலைக்குத் தார் பூசுகிறான். அவன் நின்ற சிக்னலை யாரும் வரையச் சொல்லவில்லை. சொன்னால் அவனே கண்ணை மூடிக்கொண்டு வரைவான்.

சரி, வெள்ளைக்காரன் கண்ணில் நாம் விழவில்லை. நம் அரசு?

நம் அரசுக்கு கேம் மேல் பிரியம் அதிகம். 2020 ஆகஸ்ட் 30, ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் அறிவுரை சொன்னார்: நம் மண்ணின் கதைகளை வைத்து கேம் செய்யுங்கள். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 2, பப்ஜி உட்பட 118 செயலிகளுக்குத் தடை. மறு வருடம் அதே பப்ஜி, பெயரில் ‘இந்தியா’ என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் அதற்கும் தடை. 2023 மே மாதம் மறுபடி அனுமதி. காதலர்கள்கூட இத்தனை முறை பிரிந்து சேர மாட்டார்கள்.

இந்தியாவுக்கென்று அந்த விளையாட்டில் ஒரு சிறப்பு ஏற்பாடு செய்தார்கள். சுட்டால் ரத்தம் சிவப்பாக வராது. பச்சையாக வரும். பிள்ளைகள் மனம் கெட்டுவிடக்கூடாது. துப்பாக்கி அப்படியே, சாவு அப்படியே, நிறம் மட்டும் மாற்றம். இந்திய நிர்வாகத்தின் தத்துவம் முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

மண்ணின் கதை என்றதும் நம் ஆட்கள் எடுப்பது என்ன? இராமாயணம், மகாபாரதம், கதாயுதம், தீப்பிடித்த அம்பு. தப்பில்லை, புனேயில் ஒரு சின்னக் குழு 2020இல் செய்த ‘ராஜி’ அழகான கேம்தான். ஆனால் மண்ணின் கதை மண்ணிலிருந்து நாலடி உயரத்தில் பறந்தால்தான் மேடையில் சால்வை கிடைக்கும் என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மண்ணில் கால் வைத்தால் சேறு. தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்பங்கரையை வைத்து ‘வெண்பா’ என்று ஒரு சிறிய கேம் வந்தது. 2024இல் பாஃப்டா விருதும் வாங்கியது. செய்தவர்கள் இருப்பது டொரன்டோவில். இட்லிக்கு அங்கிருந்துதான் ஆவி வர வேண்டியிருக்கிறது.

ஆகவே நாமே ஒரு களம் சொல்லிவிடுவோம். சென்னை. பெயர் மாற்றம் வேண்டாம், கற்பனை நாடு வேண்டாம். 2,500 கோடியும் வேண்டாம். ஏனென்றால் ஓப்பன் வேர்ல்ட் கேமை ஓட்டும் தொழில்நுட்பம் இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

அந்தத் தொழில்நுட்பம் இதுதான். அவ்வளவு பெரிய ஊர் முழுவதையும் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் வரைவதில்லை. வரைந்தால் இயந்திரம் திணறிவிடும். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் வரையும். பார்வை விலகிய நொடியில் அந்தத் தெருவை வரைவதை நிறுத்திவிடும். ஆட்டக்காரருக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி வரைந்துவிடும். முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடித்தது கலிஃபோர்னியா என்று யார் சொன்னது? 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார். அவருடைய கார் கண்ணாடியில் விழும் அளவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வரையப்பட்டது. சுவருக்குப் பெயின்ட், ஓரத்துக்கு வாழைமரம், வளைவுக்கு வளைவு நாட்டியக் குழு. கார் போனது. வாழைமரமும் போனது. 2020 பிப்ரவரியில் டிரம்ப் அகமதாபாத் வந்தார். சாலையோரம் சேரி இருந்தது. இயந்திரம் அதை வரைய விரும்பவில்லை. சுவர் எழுப்பியது. 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி-20. அதற்குள் சுவர் கட்டும் செலவும் மிச்சமாகிவிட்டது; குடிசைகள் மேல் பச்சைத் துணி. தலைவர்கள் பேசியது பசுமை வளர்ச்சி பற்றி. துணிக்குப் பின்னால் இருந்தவர்களும் பசுமையாகத்தான் தெரிந்தார்கள்.

உள்ளூர் அமைச்சர் வந்தாலும் இதே இயந்திரம் ஓடும். முந்தின ராத்திரி தார் லாரி வரும். வண்டி கடக்கும் பாதையில் மட்டும் கறுப்பு. குறுக்குச் சந்தில் கால்வைத்தால் பழைய பள்ளம். மறுநாள் காலை ஒரு வாரியம் வந்து புதுத்தாரைத் தோண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு வாரியம் அதன் பக்கத்திலேயே தோண்டும். இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. தெரிந்துகொண்டால் இரண்டு டெண்டர் எப்படி வரும்?

மேப்பைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். கூவத்திலிருந்து தொடங்குவோம். மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் வேலை நின்றது. ஆட்சி மாறினால் ஆற்றின் நீரோட்டம் மாறும் அல்லவா, தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்றார்கள். தூண்கள் நின்றன. மேலே சாலை இல்லை. பத்து வருடம் நடு ஆற்றில் எதையும் தாங்காமல் நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். முதலில் ஆயிரத்து அறுநூறு கோடிச் சொச்சத்தில் பேசப்பட்ட திட்டம், இப்போது 5,800 கோடிக்கு மேல். ஒரே சாலை, இரண்டு பிரதமர், இரண்டு அடிக்கல். கேம் கம்பெனிக்காரன் பாதி கட்டிய பாலத்தை மேப்பில் விட்டுவைத்தால் நெட்டில் கிழித்துத் தொங்கவிடுகிறோம். அவன் மறுவாரம் மன்னிப்புக் கேட்டு சரிசெய்கிறான். நம் பாலம் சரியாக ஒரு தலைமுறை வேண்டும். மன்னிப்பு பட்ஜெட்டில் இல்லை.

அங்கிருந்து ஓமந்தூரார் தோட்டம். 2010 மார்ச்சில் புதிய சட்டமன்றத்தைத் திறக்கத் தேதி குறித்தாகிவிட்டது. மேலே வரவேண்டிய குவிமாடம் முடியவில்லை. தேதியை மாற்றலாமா? கூடாது. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டார்கள். செட் போட்டார். ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு செட் குவிமாடம். அப்போதைய பிரதமர் திறந்துவைத்தார். மறுவருடம் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி அங்கே உட்கார மாட்டேன் என்று கோட்டைக்கே திரும்பியது. கட்டடம் 2014இல் மருத்துவமனை ஆனது. எம்.எல்.ஏ.க்களுக்குக் கட்டியதில் நோயாளிகள் படுத்தார்கள். இந்தக் கதையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதையும் யாரும் நல்லெண்ணத்தில் செய்யவில்லை.

அங்கிருந்து ஊர் போக வேண்டுமா? கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 பேருந்து முனையம் திறந்தார்கள். பக்கத்தில் ரயில் பாதை ஓடுகிறது. ரயிலும் ஓடுகிறது. நிற்பதற்கு நிலையம் கட்டி முடிக்கும் முன்பே முனையத்தைத் திறந்துவிட்டார்கள். பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் நெடுஞ்சாலையைக் கடப்பதுதான் இந்த மிஷன். கஷ்டம் என்றால் லெவலைக் குறைத்துக்கொள்ள கேமில் வசதி இருக்கும். இங்கே மீட்டர் போடாத ஆட்டோ இருக்கிறது.

நடைபாதை பற்றி ஒரு வார்த்தை. இந்த மேப்பில் மனிதர்கள் ரோட்டில் நடப்பார்கள். பைக் பிளாட்பாரத்தில் போகும். ஏதோ புரோகிராம் பிழை என்று வெளிநாட்டு ஆட்டக்காரர் புகார் எழுதுவார். பிழை இல்லை ஐயா. போக்குவரத்து ஏற்பாடு.

தண்ணீருக்கு வருவோம். கேம்களில் தண்ணீரைத் தத்ரூபமாக ஓடவைப்பது பெரும்பாடு. அதற்கென்றே இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். சென்னையில் பள்ளத்துக்கெல்லாம் பட்டா கொடுத்தாகிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் அரசே 1976இல் வள்ளுவர் கோட்டம் கட்டியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. பாராட்டு விளம்பரம் வந்தது. அதே சதுப்பின் வயிற்றில்தான் பெருங்குடிக் குப்பைமேடு பல பத்தாண்டு வளர்ந்தது. கழுத்தில் மெடல், வயிற்றில் குப்பை.

2015 டிசம்பர் முதல் நாள் ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீரே வந்து தகவல் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வடிகாலுக்கு 4,000 கோடி என்ற ஓர் எண்ணை வைத்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் பந்து விளையாடின. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நாம் மேட்ச் பார்த்தோம். அதே வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. மீனவர்கள் வெறும் கையால் வாளியில் அள்ளினார்கள். எண்ணூர் எந்த வி.ஐ.பி. வழியிலும் இல்லை. இயந்திரம் அதை வரைவதே இல்லை.

இப்போது மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் செய்யும் முதல் வேலை, காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது. வரிசை வரிசையாக நிற்கும். நூறு கோடிகளில் கட்டும் பாலங்களில் இந்த ஊர் மக்கள் முழு நம்பிக்கையோடு பயன்படுத்துவது இது ஒன்றைத்தான். காருக்கு மேட்டில் இடம் கிடைத்துவிடுகிறது. கார் இல்லாதவன் என்ன செய்கிறான் என்று கேட்காதீர்கள்; கேமரா பாலத்தின் மேல் இருக்கிறது.

போலீசுக்கு வருவோம். ‘ஜி.டி.ஏ.’யில் குற்றம் செய்தால் நட்சத்திரம் ஏறும். ஒருவனை அடித்தால் ஒன்று. தெருவையே கொளுத்தினால் ஐந்து. ஒரு நியாயம் இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஓர் அப்பாவும் மகனும் செல்போன் கடையை ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்துவைத்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் அடித்தார்கள். இருவரும் செத்தார்கள். கடை திறந்ததற்கு ஐந்து நட்சத்திரம். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது, ஸ்டேஷன் கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை. எந்த கேமிலும் சேவ் வசதி உண்டு. இங்கே அதைத்தான் முதலில் அணைக்கிறார்கள்.

ஏறிய நட்சத்திரத்தை இறக்கவும் ‘ஜி.டி.ஏ.’ வழி வைத்திருக்கிறது. வண்டியை ஒரு பெயின்ட் பட்டறைக்குள் ஓட்டுங்கள். காசு கொடுங்கள். நிறம் மாறும். வெளியே வந்தால் போலீசுக்கு உங்களை அடையாளம் தெரியாது. அமெரிக்கப் பிள்ளைகள் இதை நம்ப முடியாத தமாஷ் என்று நினைத்திருப்பார்கள். 2014க்குப் பிறகு ஊழல் விசாரணையில் இருந்த எதிர்க்கட்சிப் பிரமுகர்கள் 25 பேர் பாஜக பக்கம் போனார்கள், அவர்களில் 23 பேருக்கு வழக்கில் நிம்மதி கிடைத்தது என்று 2024 ஏப்ரலில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ கணக்குக் கொடுத்தது. பட்டறை டெல்லியில் மட்டும் இல்லை. மேடை மேடையாக யாரை ஊழல்வாதி என்று சாடினார்களோ, அவரையே சேர்த்துக்கொண்டு அமைச்சராக்கி அழகு பார்த்த கதை நமக்கும் தெரியும். கரை வேட்டிக்குக் கரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

பேனருக்கு வருவோம். 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் பேனர் விழுந்தது. அப்போதைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயர் நீதிமன்றம் கொதித்தது. முக்கியக் கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, சீன அதிபரை வரவேற்கப் பேனர் வைக்க வேண்டும் என்று அரசே நீதிமன்றப் படியேறியது. நீதிமன்றம் தடுக்கவில்லை. வாழைமரத்துக்குப் பக்கத்தில் பேனருக்கும் அனுமதி கிடைத்தது. கார் கண்ணாடியில் அந்தப் பெண் விழுந்த இடம் வராது; அது வேறு ரோடு.

கடைசியாக, தரைக்குக் கீழே. பல ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் பாதாளச் சாக்கடை உண்டு. கதாநாயகன் ஒளியவும் ஓடவும் வசதியான இடம். உள்ளே செத்தால் திரை கறுக்கும், அடுத்த நொடி மருத்துவமனை வாசலில் புதுச் சட்டையோடு நிற்பான். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதற்கு எதிராக நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் வந்த இன்னொரு சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் இறக்குவதையும் தடுத்தது. செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவது நிற்கவில்லை. அரசாங்கக் கணக்கிலேயே இத்தகைய சாவுகள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு. சமூக நீதி மண் என்று சுவர் சுவராக எழுதியிருக்கிறோமே, அந்தச் சுவருக்குக் கீழேதான் சாக்கடையின் மூடி இருக்கிறது. செத்தவர்கள் எல்லோரும் எந்தச் சாதி என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்குத் தெரியும். இறக்கிவிட்டவனுக்கும் தெரியும். ஒப்பந்தக்காரர் இறக்கினார், எங்களுக்குத் தெரியாது என்பார் அதிகாரி. தானாக இறங்கினான் என்பார் ஒப்பந்தக்காரர். விஷவாயு தாக்கியது என்பார் ஆய்வாளர். வாயு மேல் வழக்குப் போட முடியாது. எந்த நிறத்திலும் ரத்தம் வராத சாவு இது. மாற்ற வேண்டிய வேலையும் மிச்சம்.

இந்த மேப்பை இப்படியே வெளியிட முடியுமா? அனுமதிக்கு அனுப்பிப் பாருங்கள். சாலையின் பள்ளங்களை நீக்கவும், அந்தச் சாலை எங்களுடையது அல்ல என்று மாநகராட்சி எழுதும். எங்களுடையதும் அல்ல என்று நெடுஞ்சாலைத் துறை எழுதும். ஏரிகளை நீக்கவும், அங்கே அடுக்குமாடிக்கு ஒப்புதல் தந்திருக்கிறோம் என்று இன்னொரு அலுவலகம் சொல்லும். ஸ்டேஷனுக்குள் கதவு திறக்கக்கூடாது என்பது காவல் துறையின் ஒரே நிபந்தனை. வில்லனின் மீசை எங்கள் மீசை என்று ஒரு சங்கம் போஸ்டர் ஒட்டும். சாக்கடை மூடிகள் மாநிலத்தின் பெருமையைக் குலைக்கின்றன என்று ஒருவர் வழக்குப் போடுவார். கூவம் எந்தக் கட்சிக் கொடி நிறத்திலும் இருக்கக்கூடாது என்று எல்லாக் கட்சிகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடும். இந்த ஊரில் அவர்கள் ஒன்றுசேர்ந்து போட்ட கையெழுத்து அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெட்டியது போக மிஞ்சுவது மெரினா. நான்கு முதல்வர்களின் நினைவிடங்கள், நடுவில் புல்தரை, எதிரில் கடல். வெயிலில் பளிங்கு மின்னும். அதன் பிரதிபலிப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆட்டக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வர வேண்டும். ஓடும் பட்டனை எடுத்துவிட்டார்கள். குனியும் பட்டன் எப்போதும் அழுத்தியே இருக்கும். தாவும் பட்டனை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே வேண்டும்.